சாப்பாட்டுப் பையோடு முதல் மாதம்

வீட்டோடு இருக்கும் முதியவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் மனசு நிறைய இரக்கத்தோடு வருகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ஒருவரை நம்பி ரூட்டைக் கொடுப்பதற்கு முன்னால் நான் பார்ப்பது, பயிற்சிக்கு அவர் எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தார் என்பதை.

மதியச் சாப்பாடு 12.30க்கு வரும் என்றால், 11.45க்கே நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து பெல் அடித்துவிடுமோ என்று பாத்ரூமுக்குக்கூட எழுந்து போக மாட்டார்கள். இன்சுலின் போட்டுக்கொள்கிறவராக இருந்தால், ஊசியைச் சாப்பாட்டு நேரத்தைக் கணக்குப் பண்ணித்தான் போட்டிருப்பார். முக்கால் மணி நேரம் தாமதமாகப் போய், "வழியில டிராஃபிக்" என்று சிரித்துக்கொண்டே பொட்டலத்தை நீட்டினால், அந்தச் சிரிப்பில் எவ்வளவு அன்பு இருந்தாலும் அவருக்குப் பிரயோஜனம் இல்லை.

நான் சில வருடங்களாக வாரத்தில் இரண்டு நாள் ஒரு ரூட் ஓட்டுகிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் மாதத்தில் சொல்லிக்கொடுப்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். சில இடங்களில் கொஞ்சம் கறாராக இருக்கும்.

சேருவதற்கு முன்

முதலில் உங்கள் வாரத்தை உட்கார்ந்து பாருங்கள். வேலை, பிள்ளைகள், சொந்த அலுவல் எல்லாம் போக, எந்தக் கிழமை எந்த இரண்டு மணி நேரம் உறுதியாகக் கிடைக்கும்? அந்த ஒரு நாளை மட்டும் கொடுங்கள். ஆர்வத்தில் வாரம் ஐந்து நாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மூன்றாவது வாரம் காணாமல் போனவர்களை நிறையப் பார்த்துவிட்டோம். செவ்வாய்க்கிழமை மட்டும் வருடம் முழுக்க வருகிறவர் எங்களுக்குத் தங்கம்.

அமைப்பிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நாலைந்து உண்டு. நான் வர முடியாத அன்று மாற்று ஆள் யார், அவரிடம் எவ்வளவு முன்கூட்டிச் சொல்ல வேண்டும்? ரூட்டில் ஏதாவது ஆகிவிட்டால் யாரைக் கூப்பிடுவது, மதிய நேரத்தில் அந்த எண்ணை நிஜமாகவே யாராவது எடுப்பார்களா? என் வண்டியில் போகும்போது விபத்து நடந்தால் காப்பீடு இருக்கிறதா? தன்னார்வலர்களின் பின்னணியை விசாரிக்கிறீர்களா? கடைசிக் கேள்வியில் சிலருக்கு முகம் சுருங்கும். தனியாக இருக்கும் ஒரு வயதானவரின் வீட்டு வாசலுக்கு, யார் எவர் என்று பார்க்காமல் ஆளை அனுப்புகிற இடத்தில் சேருவதற்கு முன் யோசியுங்கள்.

அப்புறம், பழைய ஆள் ஒருவரோடு குறைந்தது மூன்று தடவையாவது கூடவே போங்கள். முதல் தடவை சும்மா பாருங்கள். இரண்டாவது தடவை பையைத் தூக்குங்கள். மூன்றாவது தடவை நீங்கள் கதவைத் தட்டுங்கள், அவர் பின்னால் நிற்கட்டும். முன்பின் தெரியாத முகம் வாசலில் நின்றால் திறக்காமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. அது அவர்கள் பக்கம் நியாயம்.

லிஸ்ட்டைப் படிப்பது

காலையில் கைக்கு வருகிற லிஸ்ட்டில் பெயரும் முகவரியும் மட்டும் இருக்காது. சர்க்கரை, உப்புக் குறைப்பு, சிறுநீரகக் கோளாறு, ஒவ்வாமை, மெல்ல முடியுமா, விழுங்க முடியுமா, காது கேட்குமா, நாய் இருக்கிறதா, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று வரிசையாக இருக்கும். கிளம்பும் முன் ஒரு தடவை முழுதாகப் படியுங்கள். போன வாரம் பார்த்த லிஸ்ட்தானே என்று விட்டால், நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவருக்குப் பத்தியம் மாறியிருப்பது தெரியாமலே போய்விடும்.

நான் செய்த தப்பை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வாரம். அடுத்தடுத்த இரண்டு வீடு, ஒரே அளவு டப்பா. ஒன்று சாதாரணச் சாப்பாடு, இன்னொன்று விழுங்கச் சிரமப்படுகிறவருக்காக மசித்தது. ஸ்டிக்கர் மூடியில் ஒட்டியிருந்தது. சிந்தியிருக்கிறதா என்று பார்க்க இரண்டு மூடியையும் திறந்தவன், மாற்றி மூடிவிட்டேன். அந்தப் பெரியவரே டப்பாவைத் திறந்து பார்த்து, "இது எனக்கில்லையே தம்பி" என்று சொன்னதால் தப்பித்தோம். ஞாபகமறதி உள்ளவராக இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார். அன்றிலிருந்து ஸ்டிக்கரை டப்பாவின் உடம்பில் ஒட்டச் சொல்லிவிட்டேன். மூடி மாறும், டப்பா மாறாது.

விழுங்கும் சிரமத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கவாதம், பார்கின்சன், மறதிநோய் உள்ளவர்களுக்கு உணவு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரை கொண்டுபோய்விடும். அதனால்தான் உணவின் பதத்தைப் பல நாடுகளில் 0 முதல் 7 வரை எண் போட்டுப் பிரிக்கிறார்கள். 4 என்றால் முழுக்க மசித்தது, 5 என்றால் பொடியாக நறுக்கிய ஈரப்பதமான உணவு, 6 என்றால் மிருதுவான சிறு துண்டுகள், 7 சாதாரண உணவு. உங்கள் அமைப்பு எண் போடுகிறதோ வார்த்தையில் எழுதுகிறதோ, எழுதியிருப்பதை அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள். "ஒரு நாளைக்கு என்ன ஆகிடப் போகுது" என்ற பேச்சே வேண்டாம்.

வீட்டிலிருந்து அன்பாக ஏதாவது எடுத்துப்போகும் ஆசை எல்லோருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். இனிப்பு ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். பழமும் சில நேரம் ஆகாது என்பது தெரியாது. கிரேப்ஃப்ரூட் என்ற எலுமிச்சை இனப் பழம், கொழுப்பைக் குறைக்கும் சில ஸ்டாட்டின் மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டினாலும் குறைத்தாலும் மருந்தின் கணக்கு தவறிப்போகும், கீரையில் இருக்கும் வைட்டமின் கே அதற்குக் காரணம். சிறுநீரகம் பழுதானவர்களில் பலருக்குப் பொட்டாசியம் அதிகமுள்ள வாழைப்பழத்தைக்கூட அளந்துதான் கொடுப்பார்கள். வயதுவந்த ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புதான் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அது ஏறத்தாழ ஒரு டீஸ்பூன். நீங்கள் கொண்டுபோகிற ஒரு பாக்கெட் கொறிக்கும் பண்டம் அதில் நல்ல பங்கைத் தின்றுவிடும்.

லிஸ்ட்டைப் போட்டோ எடுத்து எந்த குரூப்பிலும் போடாதீர்கள். இன்ன வீட்டில், இன்ன நேரத்தில், தனியாக, நடக்க முடியாத ஒருவர் இருக்கிறார் என்பதுதான் அந்தத் தாளில் எழுதியிருப்பது. திருடனுக்கு வேறென்ன வேண்டும்? வேலை முடிந்ததும் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சூடு

சாப்பாட்டை வீடு வீடாக அனுப்பும் இந்த ஏற்பாடு, இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டனில் தொடங்கியது என்பார்கள். 1943இல் ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் என்ற ஊரில் பெண்கள் தன்னார்வ சேவை அமைப்பினர் முதலில் கொண்டுபோனார்கள். 1954இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவுக்கும் அது போய்ச் சேர்ந்தது. ஆரம்பத்தில் பழைய குழந்தைத் தள்ளுவண்டிகளில் வைக்கோலையும் பழைய கம்பளித் தொப்பிகளையும் திணித்து, சூடு ஆறாமல் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். பை மாறிவிட்டது, ஆறிப்போகிற கவலை மட்டும் அப்படியே இருக்கிறது.

மனப்பாடமாக இருக்க வேண்டிய எண்கள் கொஞ்சம்தான். சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே இருக்க வேண்டும், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழே. இரண்டுக்கும் நடுவில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவு அந்த நடு வெப்பத்தில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. வெளியே வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். கடிகாரம் ஓட ஆரம்பிப்பது சமையல்கூடத்தில் அடுப்பிலிருந்து இறக்கி அடைக்கும்போதே என்று வைத்துக்கொள்ளுங்கள். பை உங்கள் கைக்கு வந்த நேரத்திலிருந்து எண்ணுவது பலரும் செய்கிற தப்பு.

பையை எப்படி அடுக்குவது? காலிப் பைக்குள் வெந்நீர் பாட்டிலைப் பத்து நிமிடம் வைத்து உள்ளே சூடேற்றிக்கொள்ளுங்கள். டப்பாக்களை இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்குங்கள். மீதி இடத்தை மடித்த சுத்தமான துண்டால் நிரப்புங்கள், காற்று இருக்கும் இடத்தில் சூடு நிற்காது. தயிர், பால், பழம் எல்லாம் ஐஸ் பேக்கோடு தனிப் பையில். கடைசியில் கொடுக்க வேண்டியது அடியில், முதலில் கொடுக்க வேண்டியது மேலே. ஒவ்வொரு வீட்டிலும் எடுத்தவுடன் ஜிப்பை மூடுங்கள். திறந்த பையைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

புது ரூட் எடுத்த முதல் வாரம் ஒரு டப்பாவைக் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். கடைசி வீட்டில் கொடுத்து முடித்ததும் அதைத் திறந்து உணவுத் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள். 60க்குக் கீழே இருந்தால் ரூட் நீளம், அல்லது பை சரியில்லை. எங்கள் ரூட் ஒன்றை இரண்டாக உடைத்தது அப்படி ஒரு டப்பா 51 காட்டிய பிறகுதான்.

மிச்சம் வைத்து இரவு சாப்பிடுகிறேன் என்று பலர் சொல்வார்கள். வேண்டாம் என்றால் கேட்க மாட்டார்கள், அதனால் வழி சொல்லிக்கொடுங்கள். சாப்பிடும் முன்பே பாதியைத் தனியாக எடுத்து உடனே ஃபிரிட்ஜில் வைக்கட்டும். இரவு நடுவரைக்கும் ஆவி பறக்கச் சூடு பண்ணட்டும், கணக்கில் சொன்னால் 74 டிகிரி. மதியம் முழுக்க மேஜை மேல் கிடந்ததை இரவு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் பலனில்லை. சோறு போன்ற மாவுச்சத்து உணவில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் நஞ்சு ஒன்று கொதித்தாலும் அழியாது. மணத்திலும் தெரியாது, ருசியிலும் தெரியாது. வயதானவர்களுக்கு மணம் ருசி இரண்டுமே மட்டுப்பட்டிருக்கும் என்பதால், "மோந்து பார்த்துச் சாப்பிடுங்க" என்கிற யோசனை இங்கே செல்லாது.

உங்கள் கையை சோப்பு போட்டு 20 விநாடி கழுவுங்கள். உங்களுக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால், நின்று 48 மணி நேரம் ஆகும் வரை வராதீர்கள். இதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை.

வழியைப் போடுவது

கிட்டத்தில் இருக்கும் வீடு முதலில் என்று மேப் சொல்லும். நீங்கள் வேறு மாதிரி யோசியுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் முதல் சில வீடுகளுக்குள் வந்துவிட வேண்டும். வீட்டுக்கு 5 நிமிடம் என்று வைத்தால் பத்து வீட்டுக்கு 50 நிமிடம், பயண நேரம் தனி. மொத்தம் ஒன்றரை மணி நேரத்தைத் தொட்டால் ரூட்டைச் சுருக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நிறையப் பேசுகிறவரைக் கடைசியில் வைத்தால் நமக்கு வசதி. அவருக்கோ தினமும் ஆறின சாப்பாடு. பேச்சுத் துணை இல்லாத குற்றத்துக்கு இது என்ன தண்டனை? நான் அவரை நடுவில் வைத்து, "இன்னைக்கு அஞ்சு நிமிஷம்தாங்க ஐயா" என்று நுழையும்போதே சொல்லிவிடுகிறேன். பேச்சு மிச்சம் இருந்தால், எல்லா வீடும் முடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிப் போவேன்.

வாசலில்

என் முதல் மாதத்தில் ஒரு வீடு. பெல் அடித்தேன். பதில் இல்லை. மறுபடி அடித்தேன். ஒரு நிமிடம் இருக்கும், மூன்றாவது தடவை அடித்துவிட்டுக் கதவையும் தட்டினேன். உள்ளே ஏதோ சரிந்து விழுந்த சத்தம். நல்லவேளை, விழுந்தது நாற்காலி. பெல் சத்தத்துக்குப் பதறி அவசரமாக எழுந்த அம்மாவின் வாக்கர் நாற்காலியில் இடித்திருக்கிறது. அடுத்த வாரம் ஒரே ஒரு தடவை பெல் அடித்துவிட்டு, "சாப்பாடு வந்திருக்கும்மா, மெதுவா வாங்க, நான் நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் காதை வைத்துக் கேட்டேன். வாக்கரை எடுத்து வைக்கும் டொக், பின்னால் செருப்பு இழுபடும் சத்தம், ஒரு மூச்சு. மறுபடி டொக். படுக்கையறையிலிருந்து வாசல் வரை முப்பத்தொரு டொக், அப்புறம் தாழ்ப்பாளோடு ஒரு போராட்டம். கிட்டத்தட்ட நாலு நிமிடம். அந்த நாலு நிமிடத்தை ரூட் கணக்கில் அன்றைக்கே எழுதிவிட்டேன்.

ஆக, ஒரு தடவை பெல், யார் என்று சொல்வது, அப்புறம் காத்திருப்பது.

எப்படிக் கூப்பிடுவது என்பதை அவர்களிடமே கேளுங்கள். முன்பின் தெரியாத ஆள் எடுத்த எடுப்பிலேயே "பாட்டி" என்றால் சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குச் சுருக்கென்று இருக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் "மிஸ்" என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். காது மந்தமானவரிடம் கத்தாதீர்கள். வயதாகும்போது முதலில் போவது உச்ச ஸ்தாயி ஒலிகள் கேட்கும் திறன். கத்தினால் குரல் கீச்சென்று ஏறும், அதுதான் அவருக்குக் கேட்காது. முகம் தெரியும்படி வெளிச்சத்தில் நின்று, குரலைக் கொஞ்சம் இறக்கி, நிதானமாகப் பேசுங்கள்.

டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு ஓடிவிடாதீர்கள். ஒரு கையில் வாக்கர், ஒரு கையில் சூடான டப்பா என்றால் அவர் எப்படித் திரும்புவார்? உள்ளே போக அமைப்பு அனுமதித்திருந்தால், அவர் உட்காரும் இடத்தில் கொண்டுபோய் வையுங்கள். மூடியைத் தளர்த்தி விடுங்கள். மூட்டுவாதம் பிடித்த விரல்களுக்கு இறுக்கி மூடிய பிளாஸ்டிக் மூடி பூட்டு மாதிரிதான். திறக்க முடியாமல் சாப்பிடாமலே விட்டவர்கள், "பசிக்கலைப்பா" என்றுதான் சொல்வார்கள். ஒரு டம்ளர் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு வாருங்கள், இந்த வயதில் தாக உணர்ச்சியே குறைந்துபோயிருக்கும்.

கண்ணுக்கு வேலை

2015இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. வாரத்துக்கு ஒரு முறை உறைந்த உணவை மொத்தமாகக் கொடுத்தவர்களையும் தினமும் ஆள் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இந்தச் சாப்பாட்டால் தனிமை குறைந்தது என்று சொன்னவர்கள் தினமும் ஆள் வந்த பக்கம் அதிகம். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் தினமும் போவதால் இன்னொரு லாபம் உண்டு: நேற்று எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியும்.

முதலில் திரும்பி வரும் டப்பாவைப் பாருங்கள். ஓர் அம்மா, சாப்பிட்டேன் சாப்பிட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். டப்பாவும் காலியாகத்தான் வரும். ஒரு நாள் அதைக் கழுவ எடுத்தபோது ஓரத்தில் காகிதத்தில் சுற்றிய உருண்டைகள். மென்று, விழுங்க முடியாமல், துப்பி, நாசூக்காக மடித்து வைத்திருக்கிறார். பருப்பும் குழைந்த காய்கறியும் மட்டும் உள்ளே போயிருக்கிறது. விசாரித்ததில், உடம்பு இளைத்து ஈறு சுருங்கி, பல்செட் லூசாகிவிட்டிருந்தது. இரண்டு மாதமாக அவர் அரைச் சாப்பாட்டில் இருந்திருக்கிறார், அதனால் இன்னும் இளைத்திருக்கிறார். பல்செட்டைச் சரிசெய்யும் வரை மிருதுவான உணவுக்கு மாற்றினார்கள்.

முயற்சி இல்லாமலே ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் மருத்துவர்கள் அதைக் கவனிக்க வேண்டிய விஷயமாக எடுத்துக்கொள்கிறார்கள். உங்களிடம் எடைபோடும் மெஷின் இருக்காது. வாட்ச் முழங்கையை நோக்கி நழுவுகிறதா, மோதிரத்தில் நூல் சுற்றியிருக்கிறதா, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அமைப்பின் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லும்போதும் அதையே சொல்லுங்கள். "ரொம்ப மெலிஞ்சுட்டாரு" என்றால் அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். "போன மாதம் மணிக்கட்டில் நின்ற வாட்ச் இப்போது பாதிக் கை வரை போகிறது" என்றால் டாக்டருக்குப் போன் போகும்.

வீட்டையும் ஒரு பார்வை. கேஸ் வாசனை, பிரிக்காத தபால், நேற்றைய உடையே இன்றும், வழக்கமாகச் சுத்தமாக இருக்கும் இடத்தில் மூத்திர நெடி, கையில் புதிய கன்றிய தடம், வெயில் காலத்தில் எல்லா ஜன்னலும் சாத்திய அறை. எதற்கும் நீங்கள் காரணம் கண்டுபிடிக்க வேண்டாம். தேதியும் நேரமும் போட்டு எழுதிக் கொடுங்கள், போதும். ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்: மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வருகிற மறதி வேறு, நேற்று தெளிவாகப் பேசியவர் இன்று நம்மைத் தெரியாமல் விழிப்பது வேறு. இரண்டாவது அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டியது. தொற்று, நீர் வற்றல், மருந்து மாற்றம் என்று ஏதாவது பின்னால் இருக்கும்.

கதவு திறக்காவிட்டால்

எக்காரணம் கொண்டும் பையைக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போகாதீர்கள். தூங்குகிறார் போலிருக்கிறது என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். வரிசையாக இதைச் செய்யுங்கள்:

1. அவருக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.
2. அவருடைய போனுக்கு அடியுங்கள். காதைக் கதவில் வையுங்கள். உள்ளே மணி அடித்து யாரும் எடுக்கவில்லை என்றால் அது ஒரு தகவல்.
3. ஜன்னல் வழியாகப் பாருங்கள். பக்கத்து வீட்டில், காலையில் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.
4. ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிடுங்கள். அவர் குடும்பத்தாரை, அவசரத் தொடர்பு எண்ணைப் பார்த்துக்கொள்வார்.
5. முனகல் கேட்டாலோ, தரையில் கிடப்பது தெரிந்தாலோ 4க்குப் போகாமல் நேராக உங்கள் பகுதி அவசர எண்.

வேறொருவர் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பொறுப்பு எடுக்கும் வரை இடத்தை விட்டு நகராதீர்கள். பெரும்பாலான நாள் அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார், சொல்ல மறந்திருப்பார். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் விழுந்து எழ முடியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தாலே நீர் வற்றல், அழுத்தப் புண், தசை நசிந்து சிறுநீரகத்தைப் பாதிப்பது என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும். விழுந்தவரைக் கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். இடுப்பெலும்பு உடைந்திருக்கலாம். போர்வை போர்த்தி, பக்கத்தில் உட்கார்ந்து, பேசிக்கொண்டிருங்கள்.

வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது, ஒரு கையைத் தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் பக்கவாதமாக இருக்கலாம். ஒன்று இருந்தாலும் அவசர எண்தான். வருகிறவர்கள் முதலில் கேட்பது, "கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?" ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள்தான் கொடுக்கிறார்கள் என்பதால் அந்தப் பதிலில் நிறைய இருக்கிறது. தினமும் நேரம் குறித்து வைக்கிறவர், "நேத்து 12.40க்கு நல்லாப் பேசினார்" என்றோ, "காலை பத்து மணிக்குப் போனில் பேசியதாகப் பக்கத்து வீட்டம்மா சொன்னார்" என்றோ உறுதியாகச் சொல்ல முடியும்.

சர்க்கரை நோயாளி வியர்த்து, நடுங்கி, குழம்பிப் பேசினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். நினைவு இருந்து, விழுங்க முடிந்தால் மட்டும் மூன்று டீஸ்பூன் அளவு சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுக்கலாம். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

செய்யக்கூடாதவை

மாத்திரை எடுத்துக் கொடுக்காதீர்கள். ஏடிஎம் கார்டைக் கையால் தொடாதீர்கள். பணம் வாங்காதீர்கள், கடனாகவும் கொடுக்காதீர்கள். சாவி வாங்குவதாக இருந்தால் அமைப்பு மூலம் எழுத்தில்தான். யாரோ அடிக்கிறார்கள், பென்ஷனைப் பிடுங்குகிறார்கள் என்ற சந்தேகம் வந்தால் அந்த வீட்டில் வைத்து யாரையும் கேட்காதீர்கள். நீங்கள் போன பிறகு அந்தக் கேள்விக்கு அடி வாங்கப் போவது அவர்தான். நேராக ஒருங்கிணைப்பாளரிடம் போங்கள்.

இன்னொன்று, எனக்கு மிகப் பிடிக்காதது: "அடுத்த வாரம் உங்களை வெளியே கூட்டிட்டுப் போறேன்." வாய் வார்த்தையாகச் சொல்லிவிட்டு நாம் மறந்துவிடுவோம். அவர் அந்த வாரம் முழுக்கச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருப்பார்.

ரூட்டைக் கைமாற்றும்போது

ஊருக்குப் போகிறீர்கள், உடம்பு முடியவில்லை, அல்லது விட்டுவிடப் போகிறீர்கள். தப்பில்லை. இரண்டு வாரம் முன்னால் சொல்லுங்கள், அவர்களிடம் நேரிலும் சொல்லுங்கள், புது ஆளைக் கூட்டிப்போய் அறிமுகம் செய்யுங்கள். சில நாள் லிஸ்ட்டில் ஒரு பெயர் அடித்திருக்கும். இறந்துவிட்டார் என்று ஒரு வரிதான் இருக்கும். அன்றைக்கு அந்தத் தெருவைத் தாண்டும்போது கை தானாக இண்டிகேட்டர் போடும். ஒருங்கிணைப்பாளரிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போங்கள், அவருக்கும் அது தேவைப்படும்.

கைமாற்றும் குறிப்பில் முகவரி எழுத வேண்டியதில்லை, அது லிஸ்ட்டில் இருக்கிறது. லிஸ்ட்டில் இல்லாததை எழுதுங்கள். போன மாதம் நான் லீவில் போனபோது எழுதிக் கொடுத்ததில் கொஞ்சம் இது:

"இரண்டாவது வீடு: நாய் குரைக்கும், கடிக்காது. ஐயா கடிப்பார், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். இன்சுலின், 12.15 தாண்டக்கூடாது.

நாலாவது வீடு: மிஸ் என்று கூப்பிடவும். டப்பா மூடியைத் தளர்த்திக் கொடுத்தால் கோபப்படுவார். அவர் பார்க்காதபோது தளர்த்தவும்.

ஆறாவது வீடு: பெல் ஒரு தடவை மட்டும். முப்பத்தொரு டொக். இப்போது முப்பத்தைந்து ஆகியிருக்கிறது, எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீங்களும் எண்ணவும்."